சந்தா செலுத்தியவருக்கே கதவு திறக்க: கட்டண உரையாடல் குழுக்களைத் தானியங்கியாக்கும் முறை

இணைய உரையாடல் குழுக்கள் இன்று நட்புக்கும் குடும்பச் செய்திகளுக்கும் மட்டும் உரியவையாக இல்லை. போட்டித் தேர்வுப் பயிற்சி, இசைப் பாடம், யோகப் பயிற்சி, மொழி கற்பித்தல் எனப் பல துறைகளில் மாதச் சந்தா பெற்று நடத்தப்படும் குழுக்கள் நாடெங்கும் உள்ளன. நம் வாடிக்கையாளர்களில் சிலர் இத்தகைய குழுக்களை நடத்துகின்றனர். மிகப் பலர் அவற்றில் உறுப்பினராக இருக்கின்றனர். இரு சாராருக்கும் பயன்படும் வண்ணம், சந்தா பெறுதலும் அனுமதி அளித்தலும் தானாக நிகழும் முறையை இக்கட்டுரையில் விளக்குகிறோம்.

புனே நகரில் நாம் பணியாற்றிய கிளைக்கு ஆசிரியர் ஒருவர் வந்தார். வங்கித் தேர்வு எழுதுவோருக்கு டெலிகிராம் குழு வழியாகக் கணிதமும் ஆங்கிலமும் கற்பிப்பவர். மாதச் சந்தா 199 ரூபாய். மாணவர்கள் யுபிஐ மூலம் பணம் செலுத்தி, அதன் திரைப்படத்தை, அதாவது ஸ்கிரீன்ஷாட்டை, அவருக்கு அனுப்புவர். அவர் அதைப் பார்த்துவிட்டுக் குழுவில் சேர்ப்பார். மாத முடிவில் பட்டியலைப் பார்த்து, சந்தா செலுத்தாதவர்களை நீக்குவார். தொடக்கத்தில் 30 மாணவர்கள் இருந்தபோது இம்முறை நன்றாகவே நடந்தது. எண்ணிக்கை 400ஐக் கடந்தபின் கணக்கு குழம்பியது.

அவருடைய கணக்கு அறிக்கையையும் குழுவின் உறுப்பினர் பட்டியலையும் அருகருகே வைத்துப் பார்த்தோம். குழுவில் இருந்தவர்கள் 418 பேர். அம்மாதம் வந்த 199 ரூபாய் வரவுகள் 361. வேறுபாடு 57 எனத் தோன்றும். ஆனால் ஒவ்வொரு பதிவாக ஒப்பிட்டபோது வேறொரு நிலை தெரிந்தது. குழுவில் இருந்தோரில் 66 பேர் பணம் செலுத்தவில்லை. பணம் செலுத்திய 9 பேர் குழுவில் இல்லை. 66 பேரின் சந்தாவாக அவர் இழந்தது 13,134 ரூபாய். அந்த இழப்பைவிட, வெளியே நிறுத்தப்பட்ட 9 பேரே அவரை அதிகம் வருத்தினர். அவர்களுள் ஒரு மாணவி, தேர்வுக்கு முந்தைய இரவு தவறுதலாக நீக்கப்பட்டவர். தந்தையின் கணக்கிலிருந்து பணம் வந்திருந்ததால், அவர் பெயர் வரவுப் பட்டியலில் காணப்படவில்லை. “199 ரூபாயைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன், அந்த இரவை எப்படித் திருப்பிக் கொடுப்பேன்?” என்று ஆசிரியர் கேட்டார்.

இரு ஏடுகளும் ஒரு சரிகட்டுதலும்

வணிகவியல் பயின்றோர் வங்கிச் சரிகட்டும் பட்டியலை அறிவர். நிறுவனத்தின் ரொக்க ஏடும் வங்கியின் அறிக்கையும் ஏன் வேறுபடுகின்றன என்று கண்டறிந்து, இரண்டையும் இணக்கப்படுத்தும் பட்டியல் அது. கட்டணக் குழுவிலும் இரு ஏடுகள் உள்ளன. ஒன்று, யார் பணம் செலுத்தினார் என்னும் வரவு ஏடு. மற்றொன்று, யார் உள்ளே இருக்கிறார் என்னும் உறுப்பினர் ஏடு. இவ்விரண்டையும் இடைவிடாமல் சரிகட்டிக்கொண்டிருப்பதே தானியங்கி முறையின் பணி. கணினி நிரல், பாட், சேவை நிறுவனம் என்று எத்தனை பெயர்கள் வந்தாலும் அடிப்படை இதுவே. இதனை மனத்திற்கொண்டால், எந்த விற்பனையாளர் எந்த மென்பொருளைக் காட்டினாலும் அது போதுமானதா என்று நீங்களே மதிப்பிட இயலும்.

ஸ்கிரீன்ஷாட் ஏன் சான்று ஆகாது?

பணம் செலுத்தியதைக் காட்டும் திரைப்படத்தைப் போலியாக உருவாக்குவது மிக எளிது. பழைய படத்தின் தேதியை மாற்றியும் அனுப்பலாம். ஒரே படத்தை மூவர் அனுப்பலாம். பரிவர்த்தனை நிலுவையில் இருக்கும்போதே படம் எடுத்து அனுப்பிவிட்டு, பின்னர் அது தோல்வியுற்றதை அறியாதவர்களும் உண்டு. பணம் வந்ததற்குப் பெறுபவரின் கணக்கில் உள்ள வரவுப் பதிவே சான்று. யுபிஐ பரிவர்த்தனை ஒவ்வொன்றுக்கும் 12 இலக்கக் குறிப்பு எண் உண்டு. ஐயம் எழும்போது படத்தை ஆராய்வதைவிட, அந்த எண் தம் அறிக்கையில் உள்ளதா என்று பார்ப்பதே முறை.

பெயரை வைத்துப் பொருத்துவதும் தவறு. தந்தை, கணவர், நண்பர் எனப் பிறர் கணக்கிலிருந்து சந்தா வருவது நம் நாட்டில் இயல்பு. ஆகவே ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனியொரு வரிசை எண் உருவாக்கி, அந்த எண்ணோடு பணம் வருமாறு செய்தல் வேண்டும்.

தானியங்கி முறை செயல்படும் விதம்

டெலிகிராம் செயலியையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம். 2013ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட இச்செயலி, 2015 முதல் பாட் எனப்படும் தானியங்கி நிரல்களை அனுமதிக்கிறது. ஒரு குழுவில் 2 லட்சம் பேர் வரை இருக்கலாம். பாட்டைக் குழுவின் நிர்வாகியாக்கி, அழைக்கும் உரிமையும் நீக்கும் உரிமையும் வழங்கினால், அது கதவருகே அமர்ந்த காவலரைப் போலப் பணியாற்றும். நிகழ்வுகள் பின்வரும் வரிசையில் அமையும்.

முதலாவதாக, சேர விரும்புவோர் பாட்டுக்குச் செய்தி அனுப்புகிறார். பயனர் முதலில் பேசினாலன்றிப் பாட் தானாக அவருக்குச் செய்தி அனுப்ப இயலாது. எனவே இப்படி அவரே தொடங்குவது பின்னர் நினைவூட்டல் அனுப்பவும் உதவும். இந்நிலையில் அவருடைய டெலிகிராம் அடையாள எண்ணைப் பாட் குறித்துக்கொள்கிறது. பயனர் பெயரும் தொலைபேசி எண்ணும் மாறக்கூடியவை; அடையாள எண் மாறாதது.

இரண்டாவதாக, அந்த அடையாள எண்ணுடன் இணைந்த ஒரு வரிசை எண் உருவாகிறது. பணம் செலுத்தும் பக்கம் அவ்வரிசை எண்ணோடு திறக்கிறது. இப்பக்கத்தை வழங்குபவை, பேமென்ட் அக்ரிகேட்டர் எனப்படும் கட்டணத் திரட்டு நிறுவனங்கள். இவை இந்திய ரிசர்வ் வங்கியின் அனுமதி பெற்றிருத்தல் வேண்டும். உடன்படிக்கையில் கையொப்பமிடுமுன் அந்த அனுமதியை உறுதிசெய்துகொள்ளுங்கள்.

மூன்றாவதாக, பணம் வந்து சேர்ந்ததும் திரட்டு நிறுவனத்தின் கணினி, குழு நடத்துபவரின் கணினிக்கு ஓர் அறிவிப்பை அனுப்புகிறது. இதனைத் தொழில்நுட்பத் துறையினர் வெப்ஹூக் என்பர். இவ்விடத்தில் இரண்டு காப்புகள் இன்றியமையாதவை. அறிவிப்பு உண்மையில் அந்நிறுவனத்திடமிருந்தே வந்தது என்பதை அதன் மின்கையொப்பத்தைக் கொண்டு சோதித்தல் வேண்டும்; இல்லையேல் போலி ஸ்கிரீன்ஷாட்டின் இடத்தில் போலி அறிவிப்பு வரும். மேலும், ஒரே அறிவிப்பு இருமுறை வருவதுண்டு. ஒரு வரிசை எண்ணுக்கு ஒருமுறை மட்டுமே உறுப்பினர் காலத்தை நீட்டித்தல் வேண்டும்.

நான்காவதாக, கதவு திறக்கிறது. இதற்கு இரு வழிகள் உள்ளன. ஒருவர் மட்டுமே பயன்படுத்தத்தக்க அழைப்பு இணைப்பை அனுப்புதல் ஒரு வழி. ஆனால் அந்த இணைப்பைப் பெற்றவர் அதனை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டால், பணம் செலுத்தாதவர் உள்ளே வந்துவிடுவார். சேரும் விண்ணப்பத்தைப் பெற்று ஒப்புதல் அளித்தல் மற்றொரு வழி. விண்ணப்பித்தவரின் அடையாள எண் வரவு ஏட்டில் இருந்தால் மட்டும் பாட் ஒப்புதல் அளிக்கும். இரண்டாவது வழியே பாதுகாப்பானது.

ஐந்தாவதாக, ஒவ்வொரு உறுப்பினருக்கும் காலம் முடியும் நாள் ஏட்டில் பதிவாகிறது. அந்நாளில் சந்தா புதுப்பிக்கப்படவில்லை எனில் பாட் அவரை நீக்குகிறது. டெலிகிராமில் ஒருவரைத் தடைசெய்தால், தடையை நீக்கும்வரை அவரால் மீண்டும் சேர இயலாது. எனவே காலம் முடிந்தவரை நீக்கியபின் தடையையும் விலக்கிவிடுமாறு நிரலை அமைத்தல் வேண்டும். இதனைச் செய்யத் தவறினால், அடுத்த மாதம் பணம் செலுத்தி வருபவர் மூடிய கதவின் முன் நிற்பார்.

ஒரு கூடுதல் குறிப்பு. டெலிகிராம் நிறுவனம் 2024இல் ஸ்டார்ஸ் என்னும் தனது கட்டண அலகை அறிமுகப்படுத்தியது. செயலிக்குள் மின்னணுச் சேவைகளை விற்போருக்கு அதுபற்றித் தனி விதிகள் உள்ளன. எந்தச் செயலியைப் பயன்படுத்தினாலும், அதன் விதிகளைப் படித்தறிந்த பின்னரே கட்டண முறையை அமைத்துக்கொள்ளுங்கள்.

மாதந்தோறும் தானாகச் சந்தா பெறுதல்

மேற்கண்ட முறையில் உறுப்பினர் ஒவ்வொரு மாதமும் தாமே பணம் செலுத்துதல் வேண்டும். அதற்கு மாற்றாக, ஒருமுறை ஒப்புதல் பெற்று மாதந்தோறும் பற்று வைக்கும் வசதியும் உண்டு. இதனை மின் ஆணை என்கிறோம். அட்டைகள் வழியான மின் ஆணைக்கு இந்திய ரிசர்வ் வங்கி 2019 ஆகஸ்டு மாதம் நெறிமுறைகளை வெளியிட்டது. யுபிஐ ஆட்டோபே வசதி 2020 ஜூலையில் அறிமுகமாயிற்று. இந்நெறிமுறைகளின் சாரம் வருமாறு:

• ஆணையைப் பதிவுசெய்யும்போது வாடிக்கையாளர் தம் இரகசிய எண் அல்லது ஒருமுறைக் கடவுச்சொல்லைக் கொண்டு உறுதிசெய்தல் வேண்டும்.

• ஒவ்வொரு பற்றுக்கும் குறைந்தது 24 மணி நேரம் முன்பாக அறிவிப்பு வருதல் வேண்டும். யாருக்கு, எவ்வளவு, எந்நாள் என்பன அதில் இருக்கும். விரும்பினால் அந்தப் பற்றை வாடிக்கையாளர் தடுக்கலாம்.

• பொதுவாக 15,000 ரூபாய் வரையிலான தொகைக்கு ஒவ்வொரு முறையும் மீண்டும் உறுதிசெய்யத் தேவையில்லை. இவ்வரம்பு முதலில் 2,000 ரூபாயாகவும் பின்னர் 5,000 ரூபாயாகவும் இருந்தது. 2022 ஜூனில் 15,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது.

• ஆணையை எப்போது வேண்டுமானாலும் வாடிக்கையாளர் விலக்கிக்கொள்ளலாம். இவ்வசதிக்காக அவரிடம் கட்டணம் பெறலாகாது.

குழு நடத்துவோர் இங்கு ஒன்றைக் கவனித்தல் வேண்டும். தனிநபர் யுபிஐ முகவரியைப் பகிர்ந்து ஆட்டோபே பெற இயலாது. வணிகராகப் பதிவுசெய்து, வங்கி வழியாகவோ திரட்டு நிறுவனம் வழியாகவோதான் பெற இயலும். இவ்வசதிக்குத் திரட்டு நிறுவனம் குழு நடத்துபவரிடம் கட்டணம் பெறக்கூடும். 199 ரூபாய்ச் சந்தாவில் அது எத்தனை ரூபாய் ஆகிறது என்று முன்னரே கணக்கிடுங்கள்.

நீக்குவதில் அவசரம் கூடாது

தானியங்கி முறையின் தரம், ஆளை வெளியேற்றும் நாளில்தான் தெரியும். பற்று முயற்சி ஒன்று தோல்வியுற்ற உடனே உறுப்பினரை நீக்குவது பெரும்பிழை. சம்பளம் வருவதற்கு முதல் நாளாக அது இருக்கலாம். வங்கியின் கணினி அமைப்பு பராமரிப்பில் இருக்கலாம். 2025 ஆகஸ்டு முதல், ஆட்டோபே பற்றுகளை நெரிசலற்ற நேரங்களில் மட்டும் நிகழ்த்துமாறும், ஒரு முயற்சி தோல்வியுற்றால் மூன்று மறுமுயற்சிகளோடு நிறுத்துமாறும் யுபிஐ அமைப்பை நடத்தும் என்பிசிஐ வகுத்துள்ளது. எனவே நள்ளிரவு 12 மணிக்குக் காலம் முடிகிறது, 12.01க்குப் பணம் வரவில்லை, ஆகவே நீக்குக என்று நிரல் எழுதினால் நேர்மையானவர்களே தண்டிக்கப்படுவர்.

மூன்று நாள் சலுகைக் காலம் அளித்தல் நன்று. முதல் நாள் ஒரு நினைவூட்டல், மூன்றாம் நாள் ஒரு நினைவூட்டல், அதன்பின் நீக்கம் என்று அமைக்கலாம். நீக்கும்போது காரணத்தையும், மீண்டும் சேரும் வழியையும், தவறு நேர்ந்திருந்தால் அணுக வேண்டிய ஒரு மனிதரின் தொடர்பையும் செய்தியில் தருதல் வேண்டும். ஆயிரம் பேரில் ஒருவருக்கேனும் பொறி தவறிழைக்கும். அவ்வேளையில் அவர் பொறியிடமே மன்றாடிக்கொண்டிருக்கும் நிலை வரலாகாது.

உறுப்பினராக இருப்போர் அறிய வேண்டியவை

குழுவிலிருந்து வெளியேறுதலும் ஆணையை விலக்குதலும் வெவ்வேறு செயல்கள். குழுவைவிட்டு நீங்கினாலும், ஆணை நடப்பில் உள்ளவரை மாதந்தோறும் பணம் கழிந்துகொண்டே இருக்கும். உங்கள் யுபிஐ செயலியில் ஆட்டோபே அல்லது மேண்டேட் என்னும் பகுதியைத் திறந்து, நடப்பிலுள்ள ஆணைகள் எவை என்று இன்றே பாருங்கள். வேண்டாதவற்றை அங்கேயே விலக்கிக்கொள்ளலாம்.

ஆணைக்கு ஒப்புதல் அளிக்குமுன் மூன்றைப் படியுங்கள்: அதிகபட்சத் தொகை, எத்தனை நாளுக்கு ஒருமுறை, எந்நாள் வரை. முதல் மாதம் 1 ரூபாய் என்னும் அறிவிப்பின் கீழ், ஆணையின் அதிகபட்சத் தொகை பல நூறு ரூபாயாக இருக்கக்கூடும். நீங்கள் ஒப்புதல் அளிப்பது அந்தப் பெரிய தொகைக்கே.

சேருவதை எளிதாகவும் விலகுவதைக் கடினமாகவும் வைப்பது, சந்தாப் பொறி எனப்படும் முறைகேடு. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30இல் வெளியிட்ட வழிகாட்டுதல்களில் தடுக்கப்பட்ட 13 ஏமாற்று உத்திகளுள் இதுவும் ஒன்று. இதுபற்றித் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் முறையிடலாம்.

கட்டணக் குழுக்களின் பெயரால் நடக்கும் மோசடிகளும் உள்ளன. உறுதியான இலாபம் தருவதாகக் கூறிப் பங்குப் பரிந்துரைக் குழுவில் சேர்ப்போரிடம் மிகுந்த எச்சரிக்கை தேவை. கட்டணம் பெற்று முதலீட்டு ஆலோசனை வழங்குவோர் செபி அமைப்பில் பதிவுபெற்றிருத்தல் வேண்டும். அப்பதிவு எண்ணைச் செபியின் இணையதளத்தில் சரிபார்க்கலாம். பணத்தைத் திருப்பி அளிப்பதாகக் கூறி யுபிஐ இரகசிய எண்ணை உள்ளிடச் சொன்னால் அது மோசடியே. பணம் பெறுவதற்கு அவ்வெண் தேவையில்லை. ஏமாற்றப்பட்டதாக உணர்ந்தால் காலம் தாழ்த்தாமல் 1930 என்னும் எண்ணை அழையுங்கள். உங்கள் வங்கிக்கும் உடனே தெரிவியுங்கள்.

குழு நடத்துவோரின் கணக்குப் பொறுப்பு

சந்தா வருவாய் தொழில் வருவாய். அதற்கு நடப்புக் கணக்கே உரியது. சேமிப்புக் கணக்கில் நூற்றுக்கணக்கான சிறு வரவுகள் குவிந்தால், வங்கி விளக்கம் கேட்கும். குடும்பச் செலவும் தொழில் வரவும் கலந்து, பின்னர் எவராலும் பிரிக்க இயலாமற்போகும்.

புனே ஆசிரியரின் 418 உறுப்பினர்களும் முறையாகச் சந்தா செலுத்தினால் ஆண்டுக்கு 9,98,184 ரூபாய் ஆகும். சேவை வழங்குவோருக்குப் பெரும்பாலான மாநிலங்களில் ஆண்டு மொத்த விற்றுமுதல் 20 லட்சம் ரூபாயைக் கடந்தால் ஜிஎஸ்டி பதிவு தேவை. சில சிறப்பு வகை மாநிலங்களில் இவ்வரம்பு 10 லட்சம். இதில் ஒரே நிரந்தரக் கணக்கு எண்ணின் கீழ் வரும் எல்லா வருவாயும் சேரும். நேரடி வகுப்பும் புத்தக விற்பனையும் வேறு வேறு எனக் கருதலாகாது. வரம்புக்கு உட்பட்டவராயினும் வருமான வரிக் கணக்கில் இவ்வருவாயைக் காட்டுதல் கடமை.

உறுப்பினரின் விவரங்கள் உங்களிடம் உள்ள அடைமானம் போன்றவை. அடையாள எண், வரிசை எண், காலம் முடியும் நாள் ஆகியவை இருந்தாலே முறை இயங்கும். ஆதார் நகல், பிறந்த நாள் முதலியவற்றைக் கேட்க வேண்டிய தேவை இல்லை. பாட்டின் இரகசியச் சாவியை எவரிடமும் பகிரலாகாது. அது பிறர் கைக்குச் சென்றால் குழுவின் கதவே அவர் வசமாகும்.

மாத முடிவில் மூன்று எண்கள்

தானியங்கி முறை அமைந்தபின் கணக்கைப் பாராமல் இருந்துவிடலாம் என்று எண்ணுதல் கூடாது. மாத முடிவில் மூன்று எண்களை எழுதிப் பாருங்கள்: வந்த சந்தாக்கள் எத்தனை, உள்ளே இருப்போர் எத்தனை, திருப்பி அளித்தவை எத்தனை. சலுகைக் காலத்தில் உள்ளோரையும் கட்டணமின்றிச் சேர்த்தோரையும் தனியே காட்டுங்கள். எண்கள் இணங்கினாலும் சில பெயர்களை எடுத்து ஒப்பிடுங்கள். 57 என்னும் ஒரே வேறுபாட்டுக்குள் 66ம் 9ம் மறைந்திருந்ததை நினைவிற்கொள்க.

புனே ஆசிரியர் இன்று நடப்புக் கணக்கு வைத்துள்ளார். அவருடைய முன்னாள் மாணவர் ஒருவர் பாட்டை எழுதித் தந்தார். சலுகைக் காலத்தை அவர் மூன்று நாளாக வைத்துள்ளார். அதனோடு தாமே ஒரு விதியையும் சேர்த்துக்கொண்டார்: தேர்வு நடைபெறும் வாரத்தில் சந்தா முடிந்தாலும் எவரையும் நீக்குவதில்லை. அதனால் சில நூறு ரூபாய் வராமற்போகலாம் என்பதை அவர் அறிவார். அத்தொகையைத் தம் கணக்கேட்டில் “சலுகை” என்ற தலைப்பில் மாதந்தோறும் எழுதி வருகிறார்.

நீங்களும் இத்தகைய குழு நடத்துபவராயின், நடப்புக் கணக்கு, வணிகர் யுபிஐ, ஆட்டோபே ஆகியன பற்றி உங்கள் கிளையில் கேளுங்கள். வரும்போது கடந்த மாத உறுப்பினர் பட்டியலையும் உடன் எடுத்து வாருங்கள். இரண்டு ஏடுகளையும் ஒருமுறை சேர்ந்து சரிபார்த்துவிடலாம்.